சரித்திர மாணவர் மகாநாடு

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் நல்ல வழக்கம் ஒன்று இருந்து வருகிறது. சரித்திரத்தில் டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் வருஷத்திற்கு ஒரு முறை தாங்களே ஒரு மகாநாடு கூட்டுகிறார்கள். அழைப்பு அனுப்புகிறவர்கள் மாணவர்கள். வந்து சேரும் கட்டுரைகளைப் பொறுக்கி எடுக்கிறவர்களும் மாணவர்களே. வெளியூர்க்காரர்களுக்குத் தங்க இடம் தேடுவதும், மண்டபத்தில் நாற்காலி போடுவதும்கூட அநேகமாக அவர்கள் தலையில்தான் விழும். கட்டுரை படிக்க விரும்புகிறவர் சில மாதங்களுக்கு முன்பே அதன் சாரத்தைச் சுமார் முந்நூறு வார்த்தைகளில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மேடைக்கு மூவர் அல்லது நால்வர். ஆளுக்குப் பதினைந்து, இருபது நிமிஷம். எல்லோரும் படித்து முடித்தபின், கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கிப் படித்து வந்திருக்கும் விமர்சகர் ஒருவர் எழுந்து குணதோஷங்களை எடுத்துச் சொல்கிறார். அதற்குப் பிறகு சபையோர் கேள்வி கேட்கிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் ஊரில் மகாநாட்டுக்குப் பஞ்சமா? குத்துவிளக்கும் பொன்னாடையும் வரவேற்புரையும் நன்றியுரையும் அங்கே இல்லாதவை. இங்கே தாராளமாக உண்டு. ஆனால் கடைசியில் குறிப்பிட்டோமே, அந்தக் கேள்வி கேட்கும் அரைமணி நேரம், அது அங்கே உண்டு. இங்கே பெரும்பாலும் இல்லை. அந்த அரைமணி நேரத்திற்காகத்தான் மற்றதெல்லாம் நடக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாட்சி முதல் விசாரணையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்து முடிக்கும் வரையில் அந்த வாக்குமூலத்திற்கு இன்ன பெறுமதி என்று யாரும் சொல்ல முடியாது. ‘நீர் அதைக் கண்ணால் பார்த்தீரா, பிறர் சொல்லக் கேட்டீரா?’ என்ற ஒரே கேள்வியில் எத்தனையோ வழக்குகள் சரிந்து விழுந்திருக்கின்றன. சரித்திரம் எழுதுகிறவனும் ஒரு சாட்சியே. அவனைக் கூண்டில் ஏற்றாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம்.

இந்த முறையின் பிறப்பிடம் ஜெர்மனி. பெர்லின் சர்வகலாசாலையில் 1825ஆம் வருஷம் ஆசிரியராக அமர்ந்த ராங்கே, 1830களில் தம் வீட்டு அறையில் சில மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு பழைய ஏடுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கும் பயிற்சி அளித்துவந்தார். எந்தச் செய்தி நேரில் கண்டவன் எழுதியது, எது அதைப் பார்த்து எழுதிய பிரதி, எது பிற்காலத்துக் கற்பனை என்று மாணவன் வகுத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறுக்க வேண்டும். வாயிட்ஸ், ஸீபெல், கீஸெப்ரெஷ்ட் முதலிய ஜெர்மன் சரித்திராசிரியர்கள் அந்த அறையிலிருந்து வெளிவந்தவர்கள். அங்கிருந்து இது கடல் கடந்து சென்றது. 1876இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை ஆரம்பமாயிற்று. அதே வருஷம் ஹைடல்பர்க்கில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஹெர்பர்ட் பாக்ஸ்டர் ஆடம்ஸ் அங்கே ஜெர்மன் மாதிரியில் மாணவர் வட்டம் ஒன்றை நடத்தலானார். 1884இல் அமெரிக்க சரித்திர சங்கத்தை ஸ்தாபித்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் ஜனாதிபதியான உட்ரோ வில்ஸன் 1886இல் டாக்டர் பட்டம் பெற்றது அங்கேதான். 1890இல் அங்கே பட்டம் பெற்றவர் பிரெடரிக் ஜாக்ஸன் டர்னர்.

டர்னரைப் பற்றி ஒரு வார்த்தை. 1893ஆம் வருஷம் ஜூலை 12ந் தேதி, சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூடிய அமெரிக்க சரித்திர சங்கத்தின் கூட்டத்தில், முப்பத்தோரு வயதான இந்த இளைஞர் அமெரிக்க எல்லைப்புறத்தைப் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். குடியேறாத நிலம் என்று ஒரு கோடு இழுத்துக் காட்ட இனி இடமில்லை என்று 1890 ஜனக்கணக்கு சொல்லியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அந்த எல்லைப்புறமே அமெரிக்கரின் ஜனநாயகத்தையும் குணத்தையும் உருவாக்கியது என்றார் டர்னர். அன்றைக்கு அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்னால் ஒரு தலைமுறை முழுவதும் அதுவே வேதமாயிற்று. (கட்டுரை படிக்கப்பட்ட அதே சிகாகோ கலைக்கழகக் கட்டடத்தில்தான், இரண்டு மாதங்கள் கழித்து, சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்தர் எழுந்து நின்று பேசினார்.) டர்னரின் குடியேறாத நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஜனங்கள் வாழ்ந்து வந்தார்கள் அல்லவா? அவர்களில் பெண்டு பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் ஊண்டட் நீ என்ற இடத்தில் ராணுவத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வருஷங்கூட ஆகவில்லை. அந்தக் கேள்விக்குக் கட்டுரையில் இடம் இல்லை.

இது சிறிய உதாரணம். பெரிய உதாரணத்துக்கு வருவோம்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின் முடிவில் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. அதையடுத்து 1877 வரையிலான காலத்திற்குப் ‘புனர்நிர்மாண காலம்’ என்று பெயர். விடுதலை பெற்ற கறுப்பர்கள் பிரஜைகளானார்கள். ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. தென்பகுதி ராஜ்யங்களின் சட்டசபைகளில் உட்கார்ந்து சட்டம் செய்தார்கள். பிறகு வெள்ளையர் பலாத்காரத்தினாலும் சூழ்ச்சியினாலும் எல்லாவற்றையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டனர். 1890இல் மிஸிஸிபி வழிகாட்டிற்று. மற்ற ராஜ்யங்கள் பின்தொடர்ந்தன. எழுத்துப் பரீக்ஷை, தலைவரி, பாட்டன் ஓட்டுரிமை பெற்றவனா என்ற கேள்வி என்று தினுசு தினுசான தடைகள். லூயிஸியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். இந்தக் கணக்கை வாசகர்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். எட்டு வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மறைந்து போனார்கள்!

இவ்வளவு பெரிய அக்கிரமத்துக்கு நியாயம் கற்பிக்க ஒரு சரித்திரம் தேவையல்லவா? அது கொலம்பியா சர்வகலாசாலையில் தயாராயிற்று. அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் டன்னிங்கிடம் தென்பகுதியிலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ராஜ்யத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு புனர்நிர்மாண சரித்திரம் எழுதினார்கள். 1901இல் மிஸிஸிபியைப் பற்றி கார்னர், 1905இல் அலபாமாவைப் பற்றி பிளெமிங், 1910இல் டெக்ஸாஸைப் பற்றி ராம்ஸ்டெல், 1914இல் வட கரோலினாவைப் பற்றி ஹாமில்டன் என்று வரிசையாகப் புஸ்தகங்கள் வந்தன. எல்லாவற்றின் சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான்: கறுப்பர்கள் ஆளத் தகுதியற்றவர்கள், அவர்களுக்கு ஓட்டுக் கொடுத்தது பெரும் பிழை, அதனால் விளைந்தது ஊழலும் அராஜகமும், அதை ஒழித்தவர்கள் தேசத்தை மீட்டவர்கள்.

இவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதையும் நாம் சொல்லிவிட வேண்டும். தஸ்தாவேஜுகளைத் தேடி அலைந்தார்கள், அடிக்குறிப்புகளை அடுக்கினார்கள், ராங்கேயின் சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள்தாம். ஆனால் எஜமானனுடைய கடிதங்களையும் எஜமானனுடைய பத்திரிகைகளையும் நம்பிய அளவுக்கு, அடிமையாயிருந்து விடுதலை பெற்றவனின் வார்த்தையை அவர்கள் நம்பவில்லை. ஒரு கட்சியின் சாட்சிகளைக் கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே நிறத்தார்; ஒரே மனோபாவம் உள்ளவர்கள். ‘மற்றக் கட்சியின் சாட்சி எங்கே?’ என்று எழுந்து கேட்க வேண்டியவன் அந்த அறைக்குள் இல்லை.

அவன் வேறு இடத்தில் இருந்தான். அவன் பெயர் டு பாய்ஸ். 1868இல் பிறந்த இந்தக் கறுப்பர் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, 1891 டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய அமெரிக்க சரித்திர சங்கத்தின் மகாநாட்டில் கட்டுரை படித்தார். அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டங்கள் எவ்வாறு அமுலாயின, அதாவது எவ்வாறு அமுலாகாமல் போயின, என்பதே விஷயம். வயது இருபத்து மூன்று. பாட்டன் பாட்டிமாரை வாங்கி விற்ற ஒரு சமூகத்தின் வித்துவான்கள் கூடியிருந்த சபையில், அந்த விற்பனையைப் பற்றிய சட்டத்தின் யோக்கியதையை அத்தாட்சிகளோடு எடுத்து வைத்தான் அந்த இளைஞன். பெர்லினுக்கும் போய்ப் படித்துத் திரும்பி, 1895இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. அடுத்த வருஷம் அவருடைய ஆராய்ச்சி நூல் ஹார்வர்ட் சரித்திர வரிசையின் முதல் புஸ்தகமாக வெளிவந்தது.

1909 டிசம்பரில் அதே சங்கம் நியூயார்க்கில் கூடியபோது டு பாய்ஸ் மறுபடியும் மேடை ஏறினார். இம்முறை புனர்நிர்மாணத்தால் விளைந்த நன்மைகளைப் பற்றிப் பேசினார். ஜனநாயக முறை அரசாங்கம், இலவசப் பொதுப் பள்ளிக்கூடங்கள், புதிய சமூகச் சட்டங்கள் ஆகிய மூன்றையும் கறுப்பர் பங்குகொண்ட அந்தச் சட்டசபைகளே தென்பகுதிக்கு அளித்தன என்று நிரூபணம் காட்டினார். கொலம்பியா கோஷ்டியின் மூலாதாரத்தின் மேலேயே விழுந்த குறுக்குக் கேள்வி அது. பதில் என்ன வந்தது? கட்டுரை 1910 ஜூலையில் சங்கத்தின் பத்திரிகையில் பிரசுரமாயிற்று, அவ்வளவுதான். தம் இனத்தின் பெயரை, மற்ற இனத்தாரின் பெயர்களைப் போலவே, முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கி அச்சிட வேண்டும் என்று டு பாய்ஸ் கேட்டுக்கொண்டார். பத்திராதிபர் ஜேம்ஸன் அதற்கும் இசையவில்லை. இந்த ஜேம்ஸன் பால்டிமோரில் ஆடம்ஸின் கீழ்ப் படித்து 1882இல் பட்டம் பெற்றவர். டு பாய்ஸின் வாதத்துக்கு நேருக்கு நேர் நின்று மறுப்புச் சொல்ல வித்துவான்கள் முன்வரவில்லை, கேட்காததுபோல் இருந்துவிட்டார்கள். 1935இல் அதே விஷயத்தை விரித்து ‘கறுப்பர் புனர்நிர்மாணம்’ என்ற மகா நூலை எழுதினார் அவர். சரித்திர சங்கத்தின் பத்திரிகை அந்த நூலுக்கு மதிப்புரைகூட எழுதவில்லை.

இதற்கிடையில் கொலம்பியாவின் சரித்திரம் புஸ்தக அலமாரியில் சும்மா இருக்கவில்லை. பால்டிமோரில் வில்ஸனோடு சிறிது காலம் படித்த தாமஸ் டிக்ஸன் என்பவர் 1905இல் ஒரு நாவல் எழுதினார். முகமூடி அணிந்து கறுப்பரை வேட்டையாடிய கூட்டத்தார் அதில் வீரர்கள். 1915இல் அது ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற சினிமாவாயிற்று. ஜனாதிபதி வில்ஸனின் மாளிகையிலேயே அது காட்டப்பட்டது. வில்ஸன் எழுதிய அமெரிக்க சரித்திரத்திலிருந்தே வாக்கியங்களை எடுத்துப் படத்தில் எழுத்தாகக் காட்டினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே ஜார்ஜியாவில் அந்த முகமூடிக் கூட்டம் புத்துயிர் பெற்று எழுந்தது. கறுப்பரின் ஓட்டுரிமைக்குப் பலமான பாதுகாப்பளிக்கும் சட்டம் 1965இல்தான் வந்தது. சட்டங்களைச் செய்தவர்கள் ராஜதந்திரிகள்தாம். ஆனால் அறுபது, எழுபது வருஷ காலம் படித்தவர்களின் மனச்சாட்சியைத் தூங்க வைத்தது சரித்திரம். பழைய ஏடுகளைப் பற்றிய வாதம் நமக்கென்ன என்று நினைக்கும் நமது அரசியல் தொண்டர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

டு பாய்ஸ் 1963 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் காலமானார். 1988இல் எரிக் ஃபோனர் புனர்நிர்மாண காலத்தைப் பற்றிப் புதிய சரித்திரம் எழுதி வெளியிட்டார். 1935ஆம் வருஷத்து நூலின் வழியில் சென்று பழைய கட்டுக்கதையைத் தகர்த்த நூல் அது. ஃபோனர் பட்டம் பெற்றதும், பேராசிரியராக இருந்து அதை எழுதியதும் கொலம்பியாவில்! எந்த அறையில் கேள்வி கேட்க ஆள் இல்லையோ, அதே சர்வகலாசாலைதான். ஆனால் 1909இல் கேட்ட கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய எண்பது வருஷம் ஆயிற்று.

கொலம்பியாவைப் பற்றிப் பேசும்போது நம் தேசத்தார் ஒருவரை மறந்துவிட முடியாது. டன்னிங் அங்கே பேராசிரியராக இருந்த நாட்களிலேயே, பரோடா மகாராஜாவின் உதவிச் சம்பளத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்தார் அம்பேத்கர். 1916ஆம் வருஷம் மே 9ந் தேதி, கோல்டன்வைஸர் என்பவர் நடத்திய மானிட சாஸ்திர மாணவர் வட்டத்தில், இந்தியாவில் ஜாதிகள் எப்படி உண்டாயின, எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. நெஸ்பீல்டு, ஸெனார், ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரும் அத்துறையில் அதிகாரிகள் என்று பெயர் பெற்றவர்கள். ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி, எது உண்மை லக்ஷணம், எது வெறும் விளைவு என்று விசாரித்தார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் கட்டுப்பாடே ஜாதியின் உயிர்நிலை என்று தம் சித்தாந்தத்தை நிறுவினார். நம் மனத்தைக் கவர்வது இன்னொன்று. இச்சித்தாந்தம் நிற்காது என்று காட்டினால் அதைக் கைவிடத் தாம் தயார் என்று அக்கட்டுரையிலேயே சொல்லி வைத்திருக்கிறார். தீண்டாமையின் கொடுமையை உடம்பில் அனுபவித்தவர், அதைப் பற்றியே பேசும்போது, ‘என்னைக் கேளுங்கள், தவறானால் திருத்திக்கொள்கிறேன்’ என்ற நிலையில் நின்றார். அடுத்த வருஷம் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ பத்திரிகை அதைப் பிரசுரித்தது.

நம் மாகாணத்து விஷயத்துக்கு இனி வருவோம். சென்னைச் சர்வகலாசாலையில் 1929இல் நீலகண்ட சாஸ்திரி இந்திய சரித்திரப் பேராசிரியரானபின் இங்கேயும் ஒரு மாணவர் பரம்பரை உருவாயிற்று. அவரிடம் ஆராய்ச்சி செய்த கடம்பி மீனாக்ஷி 1936இல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைச் சர்வகலாசாலையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர். பல்லவர் காலத்து அரசாட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938இல் வெளிவந்தது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்துச் சிற்ப வரிசையைத் தரிசித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அதைப் பல்லவ வம்சத்தின் சரித்திரமாக வரிசை வரிசையாக நின்று படித்தார் மீனாக்ஷி. 1940 மார்ச்சில், முப்பத்து நான்காவது வயதிலேயே, அவர் காலமானார். அச்சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூல் மறு வருஷம்தான் வெளியாயிற்று.

நீலகண்ட சாஸ்திரியின் சோழர் சரித்திரம் 1935இலும் 1937இலும் இரண்டு பாகங்களாக வந்தது. சோழ அரசு பலமான உத்தியோகஸ்தர் அமைப்பு உள்ள அரசு என்றார் அவர். வெகுகாலம் அதைக் கேட்டுத் தலையசைத்து வந்தோம். 1980இல் பர்ட்டன் ஸ்டெய்ன் என்ற அமெரிக்கர், அப்படிப்பட்ட மத்திய அதிகாரமே அங்கு இல்லை, நாடுகள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டன என்று நேர்விரோதமாக எழுதினார். இரண்டில் எது சரி? 1960களில் சென்னையில் வந்து படித்த ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும், 1973இல் சோழநாட்டு நாடுகளைப் பூகோள ரீதியில் வகுத்து நூல் வெளியிட்ட நமது சுப்பராயலுவும் வேறு விதமாகக் கேட்டார்கள்: எத்தனை சாசனங்கள்? எந்த ஊர், எந்த அரசன், எந்த வருஷம்? வரிகளின் பெயர்களையும் உத்தியோகப் பட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ராஜராஜன் காலம் தொட்டு மத்திய அதிகாரத்தைப் பலப்படுத்தும் முயற்சி நடந்ததற்கு அத்தாட்சி கிடைத்தது. ஸ்டெய்னின் கொள்கை அப்படியே நிற்கவில்லை. சாஸ்திரியின் கொள்கையும் அப்படியே நிற்கவில்லை. சோழர் பெருமை இதனால் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்லுவார்களா?

அதே கராஷிமா உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராயிருந்தபோது, சில மாதங்களுக்குள் ஒரு மகாநாடு கூட்டித் தர வேண்டும் என்று தமிழ்நாட்டு சர்க்கார் விரும்பிற்று. வித்துவான்கள் கட்டுரை தயாரிக்கக் குறைந்தது ஒரு வருஷமாவது வேண்டும் என்று சொல்லி அவர் இசைய மறுத்தார். 2010 ஜூனில் கோயமுத்தூரில் செம்மொழி மகாநாடு என்ற வேறு பெயரில் விழா நடந்தேறியது. கூட்டம் சேர்க்க நமக்கு ஒரு வாரம் போதும்; கட்டுரைக்குத்தான் ஒரு வருஷம் வேண்டும்.

மாணவர் மகாநாடுகளின் நிலை என்ன? சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2016இல் ஒரு விதி செய்தது. டாக்டர் பட்டத்துக்கு நூல் சமர்ப்பிக்கு முன் மாணவன் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் பிரசுரித்திருக்க வேண்டும். மகாநாடுகளில் இரண்டு கட்டுரைகள் படித்திருக்க வேண்டும். நோக்கம் நல்லதே. ஆனால் படித்ததற்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றதும், பத்திரம் கொடுப்பதற்கென்றே மகாநாடுகள் முளைக்கலாயின. நாம் பார்த்த சிலவற்றின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காலை முழுவதும் திறப்பு விழா. பிற்பகலில் நான்கைந்து அறைகளில் ஏககாலத்தில் கட்டுரைகள். தலைக்கு ஐந்து நிமிஷம். படித்தவன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறான். அடுத்தவன் படிப்பதைக் கேட்க அதற்கடுத்தவனைத் தவிர ஆள் இல்லை. கட்டுரைகளோ முன்பே கட்டணம் வாங்கிக்கொண்டு தடித்த மலராக அச்சாகி மேஜைமேல் இருக்கின்றன. அச்சான பிறகு கேள்வி கேட்டு என்ன பயன்? 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் கமிஷன் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. விதி போயிற்று, பழக்கம் போக நாளாகும்.

கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பது இன்னொரு தடை. கட்டுரை படித்தவன் இன்னாருடைய மாணவன். அவனைக் கேட்டால் அவருக்குக் கோபம் வருமோ என்று தயங்குகிறார்கள். ஊரைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் குலதெய்வத்தைப் பற்றியும் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். கேள்வி கேட்டவன் துரோகியாகி விடுவான். ஒவ்வொரு ஜாதியாரும் தாங்களே பழைய அரச வம்சத்தார் என்று காட்டப் புஸ்தகம் போடும் காலம் இது. மேடைகளில் பேசும் நமது தொண்டர்கள் அவற்றிலிருந்து தாராளமாக எடுத்து விளம்புகிறார்கள். அந்தக் கதைகளையெல்லாம் இளைஞர்கள் கூடிய ஒரு சபையில் வைத்து, ‘சாசனம் எங்கே? தேதி என்ன? மற்றக் கட்சி என்ன சொல்லுகிறது?’ என்று கேட்க இடமிருக்கிறதா? நம் சர்வகலாசாலைகள் அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

பாஷை விஷயமும் ஒன்றுண்டு. நாம் ஆங்கிலம் படித்துப் பிழைத்தவர்களே. அதை வெறுப்பவர்கள் அல்ல. ஆனால் தன்னுடைய கிராமத்து ஏரியைப் பற்றி எழுதின மாணவன், தனக்கே பாதி விளங்காத ஆங்கிலத்தில் அதைப் படித்துவிட்டு, கேள்வி வந்தால் வாயடைத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். தமிழில் கேட்டிருந்தால் அந்த ஏரியின் மடை ஒவ்வொன்றையும் சொல்லியிருப்பான். கட்டுரை எந்தப் பாஷையில் இருந்தாலும் இருக்கட்டும். விசாரணை தமிழில் நடக்கட்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒரு நாளைக்குப் பத்துக் கட்டுரைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு முன்பே கட்டுரை விமர்சகர் கைக்குப் போய்ச் சேரட்டும். விமர்சகர் வேறு சர்வகலாசாலையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். படிப்பதற்கு இருபது நிமிஷம் என்றால் கேள்விக்கும் இருபது நிமிஷம் கொடுக்கட்டும். முக்கியமான கேள்விகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் குறித்துக்கொண்டு, திருத்திய கட்டுரையோடு சேர்த்துப் பின்னால் அச்சிடட்டும். பேராசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கடைசியில் பேசட்டும்.

அத்தாட்சியைத் தேடிப் போகவும் மாணவனுக்கு வழி செய்ய வேண்டும். தமிழ்ச் சாசனங்களின் மைப்படிகள் வெகுகாலம் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021 ஆகஸ்டில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவு செய்ய வேண்டியிருந்தது. முன்னர் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று வழங்கிய எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலந்தொட்டு ஜில்லாவாரியாகக் கடிதங்களும் கணக்குகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வரும் ஏழை மாணவன் அங்கே பத்து நாள் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் ரயில் சார்ஜும் தங்க ஓர் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் வேண்டும். தடித்த மலருக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவை எடுத்து இப்படிச் சில மாணவரை எழும்பூருக்கு அனுப்பிவைக்க எந்த காலேஜாவது முன்வந்தால், அம்மாணவர்கள் திரும்பிவந்து கட்டுரை படிக்கும் நாளில் நாமும் போய்ப் பின்வரிசையில் உட்காரச் சித்தமாயிருக்கிறோம்.